30 நாள் தாண்டிவிட்டதா? மனுவைக் கைவிடாதீர்கள்!

ஊத்துக்குளி, காங்கயம் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளின் நிலைமை இதுதான். வானம் பார்த்த 2 ஏக்கர் காடு, 2 எருமை. அது போதாமல் வீட்டுப் பெண் பனியன் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூர் போகிறார். திரும்பி வர இரவாகிவிடும். போன் கணவரிடமோ மகனிடமோ இருக்கும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்ற குறுஞ்செய்தி அதில்தான் வரும். யாராவது படித்துச் சொல்வதற்குள் மேல்முறையீட்டுக் கெடு முடிந்திருக்கும்.

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியபோது, விண்ணப்பம் தள்ளுபடியானவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை மையம் மூலம் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்லப்பட்டது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 7 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். முதல் தீர்ப்பே முடிவான தீர்ப்பு அல்ல என்பதற்கு இதுவே சாட்சி. சரி, கெடுவைத் தவறவிட்டவர்கள் என்ன செய்வது?

அரசே கேட்ட அவகாசம்

ஜம்மு காஷ்மீரில் கையகப்படுத்திய நிலத்துக்கு இழப்பீடு உயர்த்தப்பட்டதை எதிர்த்து, அரசு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 4 நாள் தாமதம் என்று அந்த மேல்முறையீடு தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றம் 1987-ல் அந்தத் தாமதத்தை மன்னித்தது. வேண்டுமென்றே தாமதித்து யாரும் லாபம் அடைவதில்லை. காலக்கணக்கைவிட நியாயம் முக்கியம். அரசுக்கும் தனிமனிதருக்கும் ஒரே அளவுகோல்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அனந்தநாக் கலெக்டர் எதிர் காதிஜி என்ற அந்த வழக்கை இன்றும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

எங்கே செல்லும், எங்கே செல்லாது?

நீதிமன்ற மேல்முறையீடுகளில், காலவரையறைச் சட்டம் 1963-ன் 5-வது பிரிவு தாமதத்தை மன்னிக்க இடம் தருகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இரண்டாவதுக்கு 90 நாள் கெடு. தக்க காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஏற்கலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

அரசாணையில் நடக்கும் உதவித் திட்டங்களுக்கு 5-வது பிரிவு தானாகப் பொருந்தாது. அங்கே கூடுதல் அவகாசத்தைக் கோரிக்கையாகத்தான் வைக்க முடியும். திருப்பூர், தாராபுரம், உடுமலைப்பேட்டை ஆகிய மூன்று கோட்டாட்சியர் அலுவலகங்களில் உங்களுக்கு உரியதில் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் அடுத்த வாய்ப்பைக் கவனியுங்கள். 2025-ல் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் உரிமைத்தொகைக்குப் புதிதாகவே விண்ணப்பம் வாங்கினார்கள்.

மனுவில் என்ன எழுதுவது?

* நிராகரிப்புச் செய்தி வந்த தேதி, உங்களுக்குத் தெரியவந்த தேதி, கெடு முடிந்த தேதி, எத்தனை நாள் தாமதம்.

* தாமதத்துக்கான உண்மைக் காரணம், அதற்கான சான்று. ஆஸ்பத்திரிச் சீட்டு, இறப்புச் சான்று, கம்பெனி வருகைப் பதிவு எதுவானாலும் சரி. 'தெரியாமல் போய்விட்டது' என்று மட்டும் எழுதினால் எடுபடாது.

* 'இந்தத் தாமதத்தைப் பொறுத்து என் மேல்முறையீட்டை ஏற்க வேண்டுகிறேன்' என்று தெளிவாக ஒரு வரி.

* அதன் பிறகு, உங்களுக்கு ஏன் தகுதி உண்டு என்ற விவரம்.

ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். நிராகரித்த காரணம் புரியவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்காக மேல்முறையீட்டை நிறுத்தி வைக்காதீர்கள். கெடு இன்னும் மிச்சம் இருந்தால், ஒரு பக்க மனுவை இன்றே கொடுத்துவிட்டு, சான்றுகளைப் பின்னால் தருவதாக அதிலேயே எழுதிவிடுங்கள்.

எழுத உதவி வேண்டுமா? பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.