வீட்டு வரி, நிலவரி: ரசீதில் யார் பெயர்?



நான் பேச வந்தாலே மக்காச்சோளத்துப் படைப்புழு, மரவள்ளி மாவுப்பூச்சி என்றுதான் ஆரம்பிப்பேன். இன்றைக்குப் பூச்சியும் இல்லை, உரமும் இல்லை. நீங்கள் கட்டுகிற வரியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

காரணம் இருக்கிறது. நைனார்பாளையத்தில் ஒரு விவசாயி, பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்ய வேண்டுமென்று ஒரு மஞ்சள் பை நிறைய ரசீதுகளோடு என்னிடம் வந்தார். அப்பா காலத்திலிருந்து சேர்த்து வைத்தவை. பழைய ரசீதில் தென்னாற்காடு மாவட்டம். 1993-க்குப் பிறகு விழுப்புரம் மாவட்டம். 2019-க்குப் பிறகு கள்ளக்குறிச்சி மாவட்டம். நிலம் ஒரு முழம்கூட நகரவில்லை, மாவட்டம்தான் இரண்டு தரம் மாறியிருக்கிறது. மாறாதது ஒன்றே ஒன்று. எல்லா ரசீதிலும் அவருடைய அப்பா பெயர். அப்பா காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு.

"ஏன் சார், பன்னிரண்டு வருஷமா நான்தானே கிஸ்தி கட்டுறேன், வீட்டு வரி கட்டுறேன்? அப்புறம் எப்படி என் பேர்ல இல்லாம போகும்?" என்றார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கட்டுகிறவர் பெயருக்குச் சொத்து தானாக மாறுவதில்லை. வரி ரசீது என்பது பணம் கட்டியதற்கு அத்தாட்சி. நிலம் உங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்று காட்டவும் உதவும். உரிமையைக் காட்டுவது பத்திரம், பாகப்பிரிவினை, வாரிசுரிமை இவைதான். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வரி என்னென்ன என்று பார்ப்போம். நிலத்துக்குக் கட்டுவது நிலவரி, நம்ம வாயில் கிஸ்தி. இது அரசாங்கத்துக்குப் போவது, கிராம நிர்வாக அலுவலரிடம் கட்டுவது. முன்னே கர்ணமும் மணியக்காரரும் பார்த்த வேலை இது. 1980-ல் அந்தப் பதவிகள் ஒழிந்தன. நம்ம கல்வராயன் மலைமேலே அதுகூடக் கிடையாது. 1976-ல் அரசு எடுத்துக்கொள்ளும் வரைக்கும் அங்கே ஜாகீர்தார் ஆட்சிதான்.

நிலவரி சொற்பத் தொகை. ஒரு மூட்டை யூரியா விலைக்குக்கூட வராது. அதோடு தலவரி என்று ஒன்று சேரும். நிலவரி ஒரு ரூபாய் என்றால் தலவரியும் ஒரு ரூபாய். இது உள்ளாட்சிக்கு உரியது. "பத்து ரூபாய் வரிக்கு ஏன் இருபதுக்கு மேல கேக்கிறாங்க?" என்று சண்டைக்குப் போவதற்கு முன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிஸ்தி ரசீதில் பசலி என்று ஒரு எண் இருக்கும். பலருக்கு அது புரிவதில்லை. ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடிகிற கணக்கு வருஷம் அது. தொடங்குகிற ஆங்கில வருஷத்திலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி வந்துவிடும். 2025 ஜூலையில் தொடங்கியது 1435-ம் பசலி. எந்தப் பசலிக்குக் கட்டினோம் என்று பார்க்காமல் ரசீதை மடித்துப் பையில் போட்டால், விட்டுப்போன வருஷம் தெரியாமலே கிடக்கும்.

அடுத்தது வீட்டு வரி. இது முழுக்க ஊராட்சிக்கு. 1994-ம் வருஷத்து ஊராட்சிகள் சட்டப்படி வசூலிப்பது. பக்கத்துச் சின்னசேலம் பேரூராட்சியில் இதற்குச் சொத்து வரி என்று பேர். இங்கே கணக்கு பசலி இல்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரை. கூரை வீடா, ஓட்டு வீடா, காங்கிரீட் வீடா, எத்தனை சதுர அடி என்று பார்த்து வரி போடுவார்கள். கூரையைப் பிரித்து மாடி கட்டினால் வரியும் ஏறும். அளவு தப்பாகப் பதிந்திருந்தால் ஊராட்சிக்கு எழுத்து மூலமாக மனுக் கொடுங்கள். டீக்கடையில் பேசி ஒன்றும் ஆகாது.

வீட்டு வரியோடு நூலக வரியும் இருக்கும், ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948-ல் போட்ட நூலகச் சட்டத்தால் வந்தது. நூலகம் பக்கமே போகாதவர்களும் அதைக் கட்டத்தான் செய்கிறார்கள். போய்ப் படித்தால் கொடுத்த காசுக்கு வட்டியே கிடைக்கும்.

"கட்டினா என்ன கிடைக்குது?" என்று கேட்பீர்கள். தெருவிளக்குக்கும் தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கும் கரண்டு பில் கட்டுவது ஊராட்சிதான். விளக்கு எரியவில்லையென்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். வரவு செலவை அங்கே வாசிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். வீட்டு வரி பாக்கி அந்த வீட்டின்மேலேயே நிற்கும், வீட்டோடு வரும். என் சொந்தக்காரர் ஒருவர் பழைய வீடு ஒன்றை வாங்கினார். பத்திரம் பார்த்தார், வில்லங்கம் பார்த்தார், வரி பார்க்கவில்லை. குடியேறி ஒரு மாசத்தில் எட்டு வருஷப் பாக்கி அவர் தலையில் விழுந்தது. வீடு வாங்குகிறவர்கள் கடைசி வரி ரசீதை நேரில் வாங்கிப் பார்த்தபிறகே முன்பணம் கொடுங்கள்.

பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு "ரசீது அப்புறம் தர்றேன்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். ஊராட்சி வரியை இப்போது இணையதளம் மூலமும் கட்டலாம். பிள்ளைகளிடம் போனைக் கொடுத்தால் பாக்கி எவ்வளவு என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

சரி, மஞ்சள் பைக்காரரிடம் வருவோம். அவருடைய தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். "தம்பி கேட்டா பாகம் கேட்பானே" என்ற பயத்தில்தான் அண்ணன் இத்தனை வருஷம் பட்டா மாற்றாமல் இருந்திருக்கிறார். "அண்ணே, கிஸ்தி கட்டினதால தம்பி பங்கு உங்க பங்கு ஆயிடாது. இதைத் தள்ளிப் போட்டா நாளைக்கு உங்க பிள்ளைகளும் அவர் பிள்ளைகளும் கோர்ட்டுல நிப்பாங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் பருவத்துக் காப்பீட்டுத் தேதியும் தாண்டிப் போச்சு. சிட்டாவில் இறந்தவர் பெயர், பதிவு ஏற்கப்படவில்லை. பருத்தி மழையில் அடிபட்டது. நஷ்டம் அவரோடுதான்.

பொங்கலுக்குத் தம்பி வந்தார். இரண்டு பேருமாகப் போய் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பட்டா எல்லாம் வைத்து இ-சேவை மையத்தில் மனுப் போட்டார்கள். இப்போதைக்குக் கூட்டுப் பட்டா. உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க, சர்வேயர் அளக்கக் கட்டணம் கட்டிக் காத்திருக்கிறார்கள். வீட்டு வரிப் பெயரை மாற்றத் தனியாக ஊராட்சியில் மனு. பட்டா மாறினால் வீட்டு வரியும் கூடவே மாறிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அலுவலகமும் வேறு, புத்தகமும் வேறு.

உங்கள் பட்டாவிலும் இப்படித் தாத்தா பெயர் இருந்தால், வருஷா வருஷம் மே, ஜூன் வாக்கில் நடக்கிற ஜமாபந்தியிலும் மனுக் கொடுக்கலாம். சான்றுகளை ஒரு மாசம் முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜமாபந்தி அன்றைக்கு அலைந்து எடுக்க முடியாது.