உங்கள் பெயர் எந்தப் பட்டியலில்?

புத்தூரிலிருந்து பிழைப்புக்காகச் சென்னையில் குடியேறி ஆண்டுகள் பல ஆயின. உங்கள் பெயரோ இன்னும் நகரி தொகுதிப் பட்டியலில்தான் இருக்கிறதா? வாக்குப்பதிவு நாளில் பேருந்து ஏறுவீர்களா, வீட்டில் இருந்துவிடுவீர்களா? நிலையாய்க் குடியிருக்கும் இடத்திற்குப் பெயரை மாற்றப் படிவம் 8 உண்டு. இரு தொகுதிகளில் பெயர் வைத்திருப்பதை 1950ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை, ஜாக்கிரதையாயிருங்கள்.

இவ்விஷயத்தில் தொண்டு அமைப்புகள் செய்யக்கூடியது மிகுதி. 1996இல் ஆந்திராவில் தோன்றிய லோக்சத்தாவை எண்ணிப் பாருங்கள். வேட்பாளரின் குற்றவழக்குகளையும் சொத்தையும் வாக்காளர் அறிய வேண்டுமென்று வழக்காடியோரில் அதுவும் ஒன்று. 2003 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அவ்வுரிமையை உறுதிசெய்தது. 2006இல் அவ்வமைப்பே கட்சியாயிற்று. கட்சியான பின்பு அதன் சொல்லைப் பொதுச்சொல்லாக யார் ஏற்பர்?

சபைக்கு எல்லை இன்னும் குறுகியது. ஆலய வளாகத்தில் அரசியல் பிரசாரத்தை 1988ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும் வாலிபர்கள் படிவம் நிரப்ப உதவலாம். தெலுங்குப் பட்டியலை வாசிக்க இயலாத தாய்மார்களுக்குப் பெயரைத் தேடிக்கொடுக்கலாம். "ஐயரே, யாருக்குப் போடுவது?" என்று என்னிடமே கேட்பவர்கள் உண்டு. வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.