சுண்டெலி பழகும் வித்தை

சுழலும் தண்டின் மேல் ஒரு சுண்டெலியை ஏற்றிவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்குள் தண்டின் வேகம் நிமிடத்துக்கு 4 சுற்றிலிருந்து 40 சுற்றாக ஏறும். முதல் தடவை எலி சீக்கிரமே விழுந்துவிடும். நாலைந்து தடவை ஏற்றினால் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். ரோட்டராட் என்ற இந்தக் கருவி, உடல் ஒரு வித்தையைப் பழகுவதை விநாடிக் கணக்கில் காட்டிவிடுகிறது.

இப்படிப் பழகுவதில் பெரும்பங்கு சிறுமூளைக்கு உண்டு. அதன் புறணியிலிருந்து ஆணைகளை வெளியே அனுப்புபவை பர்க்கிஞ்சி செல்கள். ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு வழிகளில் செய்தி வருகிறது. லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இணை இழைகள் உடலின் நிலவரத்தைச் சொல்கின்றன; ஒரே ஒரு ஏறு இழை, அசைவு பிசகும்போது எச்சரிக்கிறது. இரண்டும் ஒருசேர வந்தால், அந்நேரம் செய்தி அனுப்பிய இணை இழைகளின் இணைப்பு வலுக்குறைகிறது. பிசகுக்குக் காரணமான செய்தி அடுத்த தடவை அவ்வளவாக எடுபடாது. இந்த வலுக்குறைவை 1982-இல் முயல்களின் சிறுமூளையில் காட்டியவர் ஜப்பானின் மசாவோ இட்டோ.

இந்த வலுக்குறைவுக்குத் தேவையான புரதங்களில் ஒன்று எம்குளூஆர்1 என்னும் ஏற்பி. அதன் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை 1994-இல் இரு குழுக்கள் தனித்தனியே உருவாக்கின. அவை தள்ளாடின; இணைப்புகளின் வலுக்குறைவு சரிவர நிகழவில்லை; ஒலி கேட்டதும் கண் சிமிட்டப் பழகும் சோதனையிலும் பின்தங்கின. ஆனால் அந்த மரபணு மூளையின் பல பகுதிகளில் வேலை செய்வது. கோளாறு எங்கே? அட்சு ஐபாவின் குழு 2000-இல் அதே எலிகளின் பர்க்கிஞ்சி செல்களில் மட்டும் மரபணு இயங்கும்படி செய்தது. தள்ளாட்டம் நீங்கியது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. குட்டிப் பருவத்தில் பர்க்கிஞ்சி செல்லைப் பல ஏறு இழைகள் பற்றியிருக்கும். அவற்றில் ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழிக்கவும் இதே மரபணு வேண்டும். அப்படியானால் தள்ளாடியது இழைகள் சரியாக அமையாததாலா? வளர்ந்த எலிகளில் மரபணுவை அணைத்துப் பார்த்தார்கள். இழைகளின் அமைப்பு குலையவில்லை. ஆனாலும் நடை தடுமாறியது. மூளையை அமைக்க மட்டுமல்ல, அன்றாடம் இயக்கவும் அந்த மரபணு தேவைப்படுகிறது.

இதை வைத்து, வலுக்குறைவுதான் கற்றல் என்று முடிவுகட்டிவிட முடியாது. 2011-இல் ராட்டர்டாம் ஆய்வாளர்கள் வேறு மரபணுக்களை மாற்றி, வலுக்குறைவே நிகழாத மூன்று வகைச் சுண்டெலிகளைச் சோதித்தார்கள். அவை வழக்கம்போலவே பழகிக்கொண்டன. பர்க்கிஞ்சி செல்லின் கிளர்ச்சித்திறனும் அதை அடக்கும் இணைப்புகளும்கூட அனுபவத்தால் மாறக்கூடியவை. ஒரு மரபணு போனால் ஒரு திறமை போய்விடும் என்ற எளிய கணக்கு சிறுமூளையிடம் செல்லாது.