தூக்கம் வராதவர்களுக்கு வெளிச்சமும் ஒரு மருந்து

எமது ஊர்களில் நாற்பது வயதைத் தாண்டிய இருவர் சந்தித்தால் சீனி, பிரஷருக்கு அடுத்ததாகப் பேசிக்கொள்வது தூக்கத்தைப் பற்றித்தான். "ரெண்டு மணிக்கு முழிச்சா பிறகு தூக்கமே இல்ல" என்று சொல்லாதவர் குறைவு. இதற்குச் சிலர் கண்டிருக்கும் வழி, இன்னொருவருக்கு வைத்தியர் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியை வாங்கி விழுங்குவது. மாத்திரைக்குப் பழகியவர் அதைவிட்டு மீள்வது கடினம். வயோதிபர்கள் அந்த மயக்கத்தில் இரவில் எழுந்து விழுந்து எலும்பு முறித்துக்கொள்வதும் நடக்கிறது. ஆனால் தூக்கமின்மைக்கு மருந்தில்லாத வழிகளும் உள்ளன. அவற்றில் ஒன்று ஒளிச் சிகிச்சை.

எமது மூளையில் ஹைப்போதலமஸ் என்ற பகுதியில் ஒரு கடிகாரம் இருக்கிறது. எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்பதை நிர்ணயிப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. பெரும்பாலானோரில் அதன் ஒரு சுற்று 24 மணித்தியாலத்தைவிடச் சற்று நீளமானது. எனவே அதை ஒவ்வொரு நாளும் சரிசெய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்வது வெளிச்சம். கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கான கலங்களைத் தவிர, பகலா இரவா என்பதை மூளைக்கு அறிவிக்கும் விசேட கலங்களும் உள்ளன என்பது 2002ஆம் ஆண்டளவில் உறுதியானது. நீல நிற ஒளியே இவற்றை அதிகம் தூண்டுகிறது. இருட்டில் சுரந்து உடலைத் தூக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் மெலடோனினைப் பிரகாசமான ஒளி அடக்கிவிடும் என்பதை 1980இல் அல்பிரட் லூவி குழுவினர் மனிதர்களில் காட்டினர்.

ஒளிச் சிகிச்சையில், 10,000 லக்ஸ் அளவு ஒளி தரும் விளக்கின் அருகே தினமும் சுமார் 30 நிமிடங்கள் அமர்ந்திருக்க வேண்டும். எமது வீட்டு விளக்குகள் தருவது பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ் வரைதான். ஆனால் வெளியே மப்பும் மந்தாரமுமான பகலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கிறது. உச்சி வெயில் ஒரு லட்சத்தையும் எட்டும். குளிர்காலத்தில் சூரியனைக் காண்பதே அரிதான நாடுகளுக்கு விளக்கு தேவை. வருடம் முழுவதும் ஆறு மணியளவில் சூரியன் உதிக்கும் எமது நாட்டில் அந்த வெளிச்சம் இலவசம்.

ஆனால் நேரம் முக்கியம். நேரம் மாறினால் பலனும் மாறிவிடும்.

படுத்தும் ஒரு மணி, இரண்டு மணி வரை தூக்கம் வராமல், காலையில் எழும்ப முடியாதவர்கள் ஒரு வகையினர். இவர்களின் கடிகாரம் பிந்தி ஓடுகிறது. இவர்களுக்குத் தேவை காலை வெளிச்சம். எம்மில் பலர் சுபஹ் தொழுதுவிட்டு, பொழுது புலரும் நேரத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டு மீண்டும் தூங்குகிறோம். அந்த வெளிச்சத்தைத்தான் இழக்கிறோம். சூரியன் உதித்த பின் அரை மணித்தியாலம் கறுப்புக் கண்ணாடி அணியாமல் வெளியில் நடந்தாலே போதும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.

மற்றவர்கள், எட்டு மணிக்கே கண் சொருகி இரண்டு, மூன்று மணிக்கு விழித்துக்கொள்பவர்கள். வயதானவர்களில் இது அதிகம். இவர்களின் கடிகாரம் முந்தி ஓடுகிறது. இவர்கள் அதிகாலையில் பிரகாசமான வெளிச்சத்தில் இருந்தால் கடிகாரம் மேலும் முந்திவிடலாம். இவர்களுக்கு மாலை வெளிச்சமே பொருத்தம். அஸர் தொழுதபின் மஃரிப் வரை வெளியில் இருப்பதும், அதன்பின் இஷா வரை வீட்டு விளக்குகளை நன்றாக எரியவிடுவதும் உதவும். தஹஜ்ஜுத்துக்கு எழும்புபவர்களுக்குச் சிறிய விளக்கொன்று போதும்.

இஷாவுக்கு முன் உறங்குவதையும் அதன்பின் வீண் பேச்சில் இருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று நாம் படித்திருக்கிறோம். ஹதீஸை விஞ்ஞானத்தால் நிரூபிக்க வேண்டிய தேவை எமக்கில்லை. ஆனால் அந்த ஒழுங்கில் வாழ்பவருக்கு மேலே சொன்ன இரண்டு சிக்கல்களும் குறையவே வாய்ப்புண்டு. இன்று இஷாவுக்குப் பின் எம்முடன் பேசிக்கொண்டிருப்பது கைத்தொலைபேசிதான். அதன் திரையும் ஒளிதான்.

எமது பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குசினியிலும் அறையிலுமே பகல் கழிந்துவிடும் உம்மாமார் பலர். தூக்கக் கடிகாரம் வெளிச்சத்தைத் தோலால் அல்ல, கண்ணால் பெறுகிறது. எனவே ஹிஜாபோ அபாயாவோ இதற்குத் தடையல்ல. காலைத் தேநீரை வளவிலோ திறந்த விறாந்தையிலோ இருந்து குடித்தாலே பயன் உண்டு. ஜன்னலிலிருந்து சில அடி உள்ளே தள்ளி இருந்தாலும் வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும்.

ஒளி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. நாட்பட்ட தூக்கமின்மையில் அதன் பலன் மிதமானதே. அதற்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது, தூக்கம் தொடர்பான பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சை. பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருந்தால் அது வேறு நோய். கண் நோய் உள்ளவர்களும், இருமுனை மனநோய் உள்ளவர்களும், தோலையோ கண்ணையோ ஒளிக்குக் கூசச் செய்யும் மருந்து எடுப்பவர்களும் விளக்குச் சிகிச்சைக்கு முன் வைத்தியரைக் கேட்க வேண்டும். வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதங்கள் நீடித்தால் எவரும் வைத்தியரை நாட வேண்டும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

இன்றிரவு தூக்கம் வராவிட்டால் அடுத்தவரின் மாத்திரையைத் தேட வேண்டாம். நாளை சுபஹ் தொழுதுவிட்டுச் சூரியன் உதிக்கும்வரை காத்திருந்து, வெளியில் கொஞ்சம் நடந்து பாருங்கள். உங்கள் வாப்பா விடியுமுன் விழிப்பவராக இருந்தால், அஸருக்குப் பின் அவரையும் கூட்டிக்கொண்டு செல்லுங்கள். இரண்டு வாரங்கள் விடாமல் செய்தால், இன்ஷா அல்லாஹ், மாற்றம் தெரியலாம்.