பாறையிலிருந்து பல்லுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் சிலரது பற்களில் பழுப்புக் கோடுகளைப் பார்க்கலாம். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை அது. குழந்தைப் பருவத்தில் குடித்த தண்ணீரிலிருந்து வந்தது. அந்தக் கறைக்குக் காரணமான ஃபுளோரைடு தண்ணீருக்குப் பாறையிலிருந்து வந்தது. பாறை, மண், நீர், காற்று, உயிர் என்று தனிமங்கள் இடம் மாறிப் போகும் வழியைத் தேடும் அறிவியலே புவி வேதியியல். ஃபுளோரைடின் பாதையில் நடந்தால் அந்தத் துறையே புரிந்துவிடும்.

இந்த மாவட்டங்களின் அடியில் கிடப்பவை பெரும்பாலும் கெட்டிப் பாறைகள். அவற்றிலுள்ள கருப்பு அபிரகம், அபடைட் முதலிய கனிமங்களுக்குள் ஃபுளோரின் பொதிந்திருக்கிறது. மண்ணில் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கிக் கனிமங்களை அரித்து, அந்த ஃபுளோரினை ஃபுளோரைடாகக் கரைத்தெடுக்கிறது. ஆற்றுநீருக்கு அப்படித் தங்க நேரமில்லை. அதனால்தான் பொதுவாக ஆற்றில் ஃபுளோரைடு குறைவு. போர்த் தண்ணீரில் கூடுதல்.

இதில் கால்சியத்துக்குப் பெரிய பங்குண்டு. அது நீரில் நிறைய இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். மழை குறைந்து வெயில் காயும் நிலத்திலோ கால்சியம் சுக்கான்கல்லாக மண்ணிலேயே தங்கிவிடுகிறது. எஞ்சும் நீரில் சோடியமும் காரத்தன்மையும் ஏற, ஃபுளோரைடு தடையின்றிக் கரைகிறது. "பருப்பு நல்லா வேகுது, நல்ல தண்ணி" என்று நாம் மெச்சும் மென்னீரிலும் அது மிகுந்திருக்கக்கூடும். நிறமில்லை, மணமில்லை; நாக்குக்கும் தெரியாது.

உடலுக்குள் போன பிறகும் ஃபுளோரைடு கால்சியத்தையே நாடுகிறது. பல்லும் எலும்பும் அபடைட் இனத்துக் கனிமத்தால் ஆனவை. சிறிதளவு ஃபுளோரைடு பற்சொத்தையைத் தடுக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைத் தொடர்ந்து குடித்தால், எனாமல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் பற்கள் கறைபடுகின்றன. அளவு மேலும் கூடி, ஆண்டுகளும் நீண்டால் எலும்பு கெட்டித்து மூட்டு விறைக்கிறது, முதுகு வளைகிறது. 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மருத்துவர்கள் இந்த நோயைப் பதிவுசெய்தார்கள்.

நோய்க்கு வழிவிட்ட வேதியியலே தீர்வுக்கும் வழிகாட்டியது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடை வண்டலாக இறக்கும் முறையை நாக்பூரிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. நல்கொண்டா முறை என்று அதற்குப் பெயர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்திருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம்: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். வீட்டில் போர்த் தண்ணீரைக் குடிப்பவர்கள் ஒரு பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். பிள்ளைக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்வரை காத்திருக்காதீர்கள். அந்தப் பல்லின் எனாமல் ஈறுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது.