அல்பேனியாவில் சமயத் தடை

அல்பேனியாவில் சமயத் தடை என்பது, ஐரோப்பாவின் பால்கன் பகுதியிலுள்ள அல்பேனியாவில் ஆட்சி செய்த பொதுவுடைமை அரசு 1967 முதல் 1990 வரை எல்லாச் சமய வழிபாடுகளையும் தடை செய்திருந்ததைக் குறிக்கும். சோவியத் ஒன்றியம், சீனா முதலிய பொதுவுடைமை நாடுகளும் சமயங்களைக் கடுமையாக ஒடுக்கின. எனினும் அந்நாடுகளின் அரசியலமைப்புச் சட்டங்கள் சமய நம்பிக்கைக்கான உரிமையை ஏட்டளவிலாவது ஏற்றுக்கொண்டிருந்தன. அல்பேனியா அதையும் நீக்கிவிட்டுத் தன்னை உலகின் முதல் நாத்திக நாடு என்று அறிவித்துக்கொண்டது.

பின்னணி

அல்பேனியா பல நூற்றாண்டுகள் உதுமானியப் பேரரசின் கீழ் இருந்து 1912-இல் விடுதலை பெற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 11 இலட்சம். அவர்களில் பத்தில் ஏழு பேர் இசுலாமியர், இரண்டு பேர் மரபுவழிக் கிறித்தவர், ஒருவர் கத்தோலிக்கர். இசுலாமியருள் சன்னி பிரிவினரோடு, சூபி மரபைச் சேர்ந்த பெக்தாசிகளும் கணிசமாக இருந்தனர். கத்தோலிக்கர் வடக்கே சுகோதர் நகரைச் சுற்றியும், மரபுவழிக் கிறித்தவர் பெரும்பாலும் தெற்கிலும் வாழ்ந்தனர். ஒரே மொழி பேசும் மக்கள் வெவ்வேறு சமயங்களைப் பின்பற்றினாலும், அவர்களிடையே பெரிய சமயப் பூசல்கள் இருந்ததில்லை.

1944 நவம்பரில் என்வர் ஹோஜா தலைமையில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1985-இல் இறக்கும்வரை ஹோஜாவே நாட்டை ஆண்டார்.

தடைக்கு முந்தைய ஒடுக்குமுறை (1944–1966)

தடை ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் பொருள்வளம் பறிக்கப்பட்டது. 1945-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் மூலம் பள்ளிவாசல்கள், மடங்கள், தேவாலயங்கள் ஆகியவற்றின் நிலங்களில் பெரும்பகுதி அரசுடைமையானது. 1946-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மனச்சான்று உரிமையை உறுதி செய்தது. ஆனால் 1949-இல் வந்த ஆணை, ஒவ்வொரு சமய அமைப்பும் அரசுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்றும், அதன் தலைவர்களுக்கு அரசின் ஒப்புதல் வேண்டும் என்றும் விதித்தது.

உரோமைத் திருத்தந்தையோடு தொடர்புடைய கத்தோலிக்கத் திருச்சபையை அரசு வெளிநாட்டின் கையாளாகப் பார்த்தது. 1939-இல் இத்தாலி அல்பேனியாவைக் கைப்பற்றியிருந்தது இந்த ஐயத்தை வலுப்படுத்தியது. ஆயர் பிரானோ ஜினி 1948-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். துரஸ் நகரின் பேராயரும் கவிஞருமான வின்சென்சு பிரெனுசி 1949-இல் சிறையில் இறந்தார். மரபுவழித் திருச்சபையின் தலைவர் நீக்கப்பட்டு, அரசுக்கு இணக்கமானவர் அமர்த்தப்பட்டார். இசுலாமிய, பெக்தாசி சமயத் தலைவர்களும் சிறைக்கும் மரண தண்டனைக்கும் தப்பவில்லை.

1967: வழிபாட்டிடங்கள் மூடப்படல்

1967 பிப்ரவரி 6 அன்று ஹோஜா ஆற்றிய உரையைத் தொடர்ந்து, பழைய வழக்கங்களுக்கும் சமயத்துக்கும் எதிரான இயக்கம் நாடெங்கும் தொடங்கியது. சீனாவில் அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கியிருந்த பண்பாட்டுப் புரட்சியை ஒத்ததாக இது அமைந்தது. பள்ளி மாணவர்களும் இளைஞர்களும் இதில் முன்னிறுத்தப்பட்டனர். அவர்கள் ஊர் ஊராகச் சென்று, வழிபாட்டிடங்களை ஒப்படைக்குமாறு மக்களை வற்புறுத்தினர்.

அந்த ஆண்டிலேயே 2,169 வழிபாட்டிடங்கள் மூடப்பட்டதாக அல்பேனிய வெளியீடு ஒன்று பெருமையுடன் குறிப்பிட்டது. பல இடிக்கப்பட்டன. மற்றவை கிடங்குகளாகவும் பண்பாட்டு மையங்களாகவும் மாற்றப்பட்டன. சுகோதர் கத்தோலிக்கப் பேராலயம் விளையாட்டு அரங்கமானது. தலைநகர் திரானாவின் எத்தெம் பே பள்ளிவாசல் போன்ற சில, பண்பாட்டுச் சின்னங்கள் என்ற பெயரில் இடிபடாமல் நின்றன. ஆனால் அவற்றில் தொழுகை நடத்த இடமில்லை. அதே ஆண்டு நவம்பரில், சமய அமைப்புகளுக்குச் சட்ட ஏற்பு வழங்கிய பழைய ஆணைகள் நீக்கப்பட்டன.

சட்டங்கள்

1975-ஆம் ஆண்டின் ஆணை, அரசின் கொள்கைக்குப் பொருந்தாத பெயர் கொண்டவர்கள் தம் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது. பிறக்கும் குழந்தைகளுக்குச் சமயப் பெயருக்கு மாற்றாகப் புதிய பெயர்களைச் சூட்டும் வழக்கத்தை அரசு ஊக்குவித்தது.

1976-ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 37-ஆவது பிரிவு, அரசு எந்தச் சமயத்தையும் ஏற்கவில்லை என்றும், நாத்திகப் பரப்புரையை ஆதரிக்கிறது என்றும் கூறியது. 55-ஆவது பிரிவு சமய அமைப்புகள் உருவாவதைத் தடை செய்தது. 1977-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி, சமயப் பரப்புரை செய்தாலும் சமய நூல்களை வைத்திருந்தாலும் 3 முதல் 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைத்தது.

காரணங்கள்

சமயம் மக்களின் விழிப்பைத் தடுக்கிறது என்ற மார்க்சியக் கருத்து எல்லாப் பொதுவுடைமை நாடுகளுக்கும் பொதுவானது. எனவே அல்பேனியா மட்டும் முழுத் தடை வரை சென்றதை அக்கருத்தைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. இசுலாம் துருக்கியோடும், மரபுவழிக் கிறித்தவம் கிரேக்கத்தோடும், கத்தோலிக்கம் இத்தாலியோடும் இணைத்துப் பார்க்கப்பட்டன. சமயம் நாட்டைப் பிரிக்கும் கருவி என்று அரசு வாதிட்டது. பெண்களின் கல்வி, வேலைவாய்ப்பு போன்ற சீர்திருத்தங்களும் இதே பரப்புரையோடு சேர்த்தே முன்வைக்கப்பட்டன. கட்சியைத் தவிர மக்கள் செவிசாய்க்கும் வேறு எந்த அமைப்பும் நாட்டில் இருக்கக் கூடாது என்பதும் ஒரு முக்கியக் காரணமாகும்.

மக்களின் அன்றாட வாழ்க்கை

வழிபாட்டிடங்கள் மூடப்பட்டபின் கண்காணிப்பு வீட்டுக்குள் நுழைந்தது. நோன்புக் காலங்களில் பள்ளிகளிலும் வேலையிடங்களிலும் பால் பொருள்கள் முதலிய விலக்கப்பட்ட உணவுகளை வழங்கி, உண்ண மறுப்பவர்களை எல்லார் முன்னிலையிலும் கண்டிக்கும் வழக்கம் இருந்தது. பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்கும் தெரியாமலே வழிபட்டனர். பிள்ளை பள்ளியில் வாய்தவறி ஒரு சொல் சொல்லிவிட்டாலும் குடும்பமே துன்பத்துக்கு ஆளாக நேரிடும் என்ற அச்சமே இதற்குக் காரணம்.

குழந்தை ஒன்றுக்கு மறைவாகத் திருமுழுக்கு அளித்த சுத்யெபன் குர்த்தி என்ற குரு 1971-இல் கொல்லப்பட்டார். எர்னெசுத் சிமோனி என்ற குரு 1963-இல் கிறித்துமசு திருப்பலியை நிறைவேற்றியபின் கைது செய்யப்பட்டார். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை கட்டாய உழைப்பாக மாற்றப்பட்டது. முகாம்களில் 18 ஆண்டுகள் கழித்தபின், ஆட்சி வீழும்வரை சாக்கடை வேலை செய்தார். 2016-இல் அவர் கர்தினாலாக உயர்த்தப்பட்டார்.

கொல்கத்தாவில் பணியாற்றிய அன்னை தெரசா அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாயும் தமக்கையும் திரானாவில் வாழ்ந்தனர். அவர்களைச் சந்திக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தாய் 1972-இலும் தமக்கை 1973-இலும் இறந்தனர். 1989-இல்தான் அவரால் அந்நாட்டுக்குள் செல்ல முடிந்தது.

தடையின் முடிவு

ஹோஜாவுக்குப் பின் ஆட்சிக்கு வந்த ரமீஸ் அலியா காலத்தில் பிடி தளர்ந்தது. 1990 மே மாதம் சமயப் பரப்புரைக்கான தண்டனை நீக்கப்பட்டது. நவம்பர் 4 அன்று, 26 ஆண்டுகள் சிறையிலிருந்த சிமோன் யூபானி என்ற குரு சுகோதர் கல்லறைத் தோட்டத்தில் மக்கள் முன்னிலையில் திருப்பலி நிறைவேற்றினார். அதே மாதம் அந்நகரின் ஈயப் பள்ளிவாசலில் தொழுகை நடந்தது. 1991 சனவரியில் எத்தெம் பே பள்ளிவாசல் திறக்கப்பட்டது. 1993-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுகோதர் வந்து நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார்.

தாக்கம்

23 ஆண்டுத் தடைக்குப் பிறகும் நம்பிக்கை அழிந்துவிடவில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மை நாத்திகர் என்று கூறியவர்கள் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினரே. எனினும் சமயக் கல்வியும் சடங்கறிவும் ஒரு தலைமுறைக்குக் கிட்டாமல் போயின. சமயத்தைத் தம் குடும்ப அடையாளமாகக் கொண்டாலும், வழிபாட்டில் அதிகம் ஈடுபடாத பலரை இன்றும் அங்கே காணலாம்.

1998-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நாட்டுக்கு அதிகாரபூர்வ சமயம் இல்லை என்றும், நம்பிக்கை தொடர்பானவற்றில் அரசு நடுநிலை வகிக்கும் என்றும் கூறுகிறது. சமயச் சார்பின்மையையும் சமய ஒழிப்பையும் வேறுபடுத்தி அறிய விரும்பும் மாணவர்கள், 1976, 1998 ஆகிய ஆண்டுகளின் அரசியலமைப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்னது நம்பிக்கையை ஒழிப்பதை அரசின் கடமையாக்கியது. பின்னது நம்புவதையும் நம்பாதிருப்பதையும் குடிமக்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.