14 பேரில் கதாநாயகன் யார்?

தொடர்கதை என்றால் கதாநாயகன் ஒருவன் வேண்டும் என்பீர்கள். ஜப்பானில் ஸ்கொயர் கம்பெனியார் 1994-ல் வெளியிட்ட 'பைனல் பாண்டஸி 6' என்ற வீடியோ விளையாட்டில் அப்படி ஒருவருமே இல்லை! கோஷ்டியில் சேரக்கூடியவர்கள் 14 பேர். சண்டைக்கு ஒரே சமயத்தில் நால்வர்தான் போகலாம். யார் யார் என்பது பெரும்பாலும் உங்கள் இஷ்டம். ஆள் இப்படி மாறிக்கொண்டே இருந்தால் கதை எப்படி ஒட்டும்?

கதாசிரியர்களின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். பாதிக் கதையிலேயே கெப்கா என்ற கோமாளி வேஷக்காரன் உலகத்தை நாசமாக்கிவிடுகிறான். நண்பர்கள் திசைக்கொருவராகச் சிதறுகிறார்கள். ஒரு வருஷம் கழித்து, செலஸ் என்ற பெண் மட்டும் ஒரு தனித் தீவில் கண் விழிக்கிறாள். துணைக்கு நோயாளியான சிட் தாத்தா. அவருக்கு மீன் பிடித்துக் கொடுப்பது உங்கள் வேலை. துள்ளி ஓடும் மீனாகக் கொடுத்தால் பிழைப்பார். சோம்பிக் கிடக்கும் மீனைக் கொடுத்தால் போய்விடுவார். (பாவம், கிழவர்!)

பிறகு எட்கர், ஸெட்ஸர் இருவரையும் கதையே கொண்டுவந்து சேர்க்கிறது. மற்றவர்களைத் தேடுவதும் விடுவதும் உங்கள் பொறுப்பு. மூவரோடு மட்டுமே கெப்காவின் கோபுரத்துக்குப் போய்விடவும் முடியும்! ஆனால் டெர்ராவை விட்டுப் போக மனம் வருமோ? கதையின் தொடக்கத்தில் நாம் பின்தொடர்ந்த பெண் அவள். இப்போது மோப்லிஸ் கிராமத்தில் அநாதைக் குழந்தைகளுக்குத் தாயாக இருக்கிறாள். முதல் தடவை கூப்பிட்டால் வரமாட்டாள். இன்னொரு தடவையும் போய்ப் பாருங்கள்.